ஃபார்வ் எறிந்த பந்து: கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கால்பந்து பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மினியாபொலிஸில் இருக்கிறேன். வந்த புதிதில் இந்த ஆட்டம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அலுவலக நண்பர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் புலம்பலில் முதலிடம், 2010 ஜனவரியில் எங்கள் ஊர் வைக்கிங்ஸ் அணிக்காக பிரெட் ஃபார்வ் எறிந்த அந்தக் கடைசிப் பந்துக்கு.

நீங்கள் அதைக் ‘கிறுக்குத்தனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, 2020 சூப்பர் பௌலில், அதாவது இறுதிப் போட்டியில், பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த நீளப் பந்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். இரண்டுமே மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது வாய்ப்பு. இரண்டிலும் 15 யார்டு தேவை. ஒன்று சொந்த ஆள் கையில் விழுந்தது, இன்னொன்று எதிராளி கையில். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தானே நீங்கள் தீர்ப்பு சொல்கிறீர்கள்?

என்னைக் கேட்டால், அலெக்ஸ் ஸ்மித் மாதிரி அடக்கி ஆடுகிறவர்தான் நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்). ஆனால் அவர்களை யாரும் மதிப்பதில்லை.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல அடி. முடிவை வைத்து மூளையை எடைபோடும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த இரண்டு பந்துகள் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ‘கிறுக்குத்தனம்’ என்ற சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றிலும் முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். குவாட்டர்பேக் எறிந்ததை எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன்.

முதலில் ஃபார்வ். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிரான ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பௌல். 28-28. 19 விநாடி பாக்கி. பந்து செயின்ட்ஸின் 33 யார்டு கோட்டில், அதாவது அவர்கள் எல்லைக்கு 33 யார்டு தூரத்தில் இருந்தது. அப்போது வைக்கிங்ஸ் கூடிப் பேசும் வட்டத்தில் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றுவிட்டார்கள். 5 யார்டு அபராதம், பந்து 38க்குப் பின்வாங்கியது. அங்கிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) அடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 55 யார்டு உதை; கம்பங்கள் எல்லைக்குப் பின்னால், உதைப்பவரும் பின்தள்ளி நின்றுதான் உதைப்பார். கஷ்டம்தான், ஆனால் வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு ஏழெட்டு யார்டு கிடைத்திருந்தால் உதைப்பவர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்.

ஃபார்வ் வலப்பக்கம் ஓடினார். எதிரே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ஓடி விழுந்திருக்கலாம், பந்தை வெளியே வீசியிருக்கலாம். அவர் ஓடிக்கொண்டே, உடம்புக்குக் குறுக்கே, மைதானத்தின் நடுப்பக்கம் தன் அணியின் சிட்னி ரைஸை நோக்கி எறிந்தார். செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டர் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

குவாட்டர்பேக் பயிற்சியில் முதல் நாளே செய்யாதே என்று சொல்லித் தரும் எறிதல் இது. ஓடும் திசைக்கு எதிராக எறியும்போது பந்தில் வேகம் இருக்காது. நடுப்பக்கத்தில் தடுப்பவர்கள் அதிகம், அவர்கள் பார்வை முழுக்க எறிபவர் மேல்தான் இருக்கும். தாமதமாகவும் எறிந்தால் கேட்கவே வேண்டாம். தூரம் குறைவாக இருந்தாலும் ஆபத்து அதிகம்.

இனி மஹோம்ஸ். அவருடைய கன்சாஸ் சிட்டி அணி சான் பிரான்சிஸ்கோவிடம் 20-10 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால்பகுதியில் ஏழு நிமிடம் சொச்சம் பாக்கி. அதற்குள் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தாகிவிட்டது. பந்து கன்சாஸ் சிட்டியின் சொந்த 35 யார்டு கோட்டில். ‘வாஸ்ப்’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்த ஆட்டத்தை மஹோம்ஸ் தானே கேட்டு வாங்கினார். பந்து பிடிக்க ஓடிய டைரீக் ஹில் ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு இன்னொரு பக்கம் திரும்பினார். பந்து வந்தபோது அவரைச் சுற்றி ஆளே இல்லை. 44 யார்டு கிடைத்தது.

இங்கே இருந்த ஆபத்து எது? பந்தை எதிராளி பிடிப்பதல்ல. ஹில் அவ்வளவு தூரம் ஓடி முடிக்கும்வரை மஹோம்ஸ் நின்று காத்திருக்க வேண்டும், அதற்குள் யாராவது வந்து அவரைச் சாய்த்துவிடலாம். அதற்காகத்தான் பத்து யார்டுக்கு மேல் பின்னால் போய் நின்று எறிந்தார். நீளமான பந்து என்றாலே துணிச்சலான பந்து என்று டிவியில் பேசுகிறவர்கள் பழக்கிவிட்டார்கள். தூரம் வேறு, ஆபத்து வேறு.

சரி, ஒரு பேச்சுக்கு அந்தப் பந்தை சான் பிரான்சிஸ்கோ பிடித்திருந்தால்? ஹில் பிடித்தது எதிரணியின் 21 யார்டு கோட்டருகே. அங்கே பிடித்தவர் உடனே மடக்கப்பட்டிருந்தால், சான் பிரான்சிஸ்கோ 21இலிருந்து ஆடத் தொடங்கும். எறியாமல் விட்டிருந்தால் அடுத்தது அநேகமாக பன்ட். அது 40 யார்டு போனால் எதிரணி 25இலிருந்து ஆடத் தொடங்கும். வித்தியாசம் நாலு யார்டு! புள்ளிவிவரக்காரர்கள் ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு என்ற குவாட்டர்பேக்கின் சராசரியைத் திருத்திக் கணக்கிடும்போது ஒரு இன்டர்செப்ஷனுக்கு 45 யார்டு கழிப்பார்கள், ஒரு டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) 20 யார்டு கூட்டுவார்கள். அது மொத்தத்துக்கான சராசரி. தனித்தனியாகப் பார்த்தால் சில இன்டர்செப்ஷன் நாலு யார்டு பெறும், சில ஒரு சீசனையே விழுங்கும்.

ஃபார்வின் பந்தில் நிலைமை நேர் எதிர். அவர் கையில் ஏற்கெனவே பாதி வெற்றி இருந்தது. லாபத்துக்குப் போய் முதலுக்கே மோசம் வந்த கதை. ஒரு விஷயத்தை உங்கள் அலுவலக நண்பர்களிடம் சொல்லுங்கள்: அந்தப் பந்து ஆட்டத்தைத் தோற்கவைக்கவில்லை, நாணயம் சுண்டுகிற இடத்துக்குக் கொண்டுபோனது. கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுக்கிறவர்களுக்கே வெற்றி என்பது அன்றைய விதி. செயின்ட்ஸ் டாஸில் ஜெயித்து, ஃபீல்டு கோல் அடித்து, 31-28 என்று முடித்துவிட்டார்கள். ஃபார்வ் கைக்குப் பந்து வரவே இல்லை. அன்று வைக்கிங்ஸ் மொத்தம் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்.

அதே சீசனின் மூன்றாவது ஆட்டத்தையும் உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்களே? 2009 செப்டம்பர், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 24-20 என்று பின்தங்கிய நிலையில், 2 விநாடி மிச்சம் இருக்கும்போது, ஃபார்வ் எறிந்த 32 யார்டு பந்தை எல்லைக் கோட்டோரம் கிரெக் லூயிஸ் கால்விரலை ஊன்றிப் பிடித்து வைக்கிங்ஸை ஜெயிக்கவைத்தார். அதுவும் ஓடிக்கொண்டே எறிந்ததுதான், அதுவும் கூட்டத்துக்குள் போனதுதான். ஆனால் நான்கு புள்ளி பின்தங்கியவருக்கு ஃபீல்டு கோலால் பயனில்லை, நேரமும் இல்லை. அங்கே பத்திரமாக ஆடுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத்தான் இருந்திருக்கும். லூயிஸ் அதைப் பிடிக்காமல் விட்டிருந்தாலும் அது சரியான எறிதல் என்றே சொல்வேன். ரைஸ் பிடித்திருந்தாலும் ஜனவரிப் பந்து தவறுதான்.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடிகிறது. ஃபார்வுக்கு 40 வயது, கணுக்கால் அடிபட்டிருந்தது, அன்று முழுக்க அவரைத் தரையில் தூக்கித் தூக்கி அடித்திருந்தார்கள். முடிவெடுக்க இரண்டு மூன்று விநாடி. அந்த நேரத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை, கை பழகியதைச் செய்கிறது. 508 டச்டவுன்களை எறிந்த கைதான் 336 இன்டர்செப்ஷன்களையும் எறிந்தது. இன்டர்செப்ஷனில் அது இன்றும் சாதனை. இத்தனைக்கும் அந்த சீசனில்தான் அவர் மிகக் கவனமாக ஆடினார்: 33 டச்டவுன், வெறும் 7 இன்டர்செப்ஷன். அதனால்தான் ‘கிறுக்குத்தனம்’ என்ற சொல்லைத் திரும்ப வாங்கினேன்.

(இரண்டு வாரம் கழித்து நடந்த சூப்பர் பௌலில் இதே போர்ட்டர் எதிரணிக் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கின் பந்தையும் பிடித்து 74 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார். மேனிங் எதையும் கணக்குப் பார்த்துச் செய்யும் மனிதர்.)

இன்டர்செப்ஷன் எண்ணிக்கை தனியாக ஒன்றும் சொல்லாது. 2019இல் டாம்பா பேயின் ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுனும் 30 இன்டர்செப்ஷனும் எறிந்தார். அணி 7 வெற்றி, 9 தோல்வி. அதற்கு முந்தைய வருடம் ஆரன் ராட்ஜர்ஸ் 597 பந்துகள் எறிந்து 2 மட்டுமே பறிகொடுத்தார். அவருடைய கிரீன் பேயும் 6 வெற்றி, 9 தோல்வி, ஒரு சமநிலை. சந்தேகம் வந்தாலே பந்தை வெளியே வீசிக்கொண்டிருந்தார் மனிதர்.

அலெக்ஸ் ஸ்மித்துக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்தவர், எனக்கும் பிடித்தவர். அடக்கி ஆடுகிறவர் என்பதால் அவருக்கு ஒன்றும் வராது என்று நினைத்தவர்கள் 2014 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் அவர் ஆடியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷனும் இல்லை. 38-10 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தில் அவருடைய கன்சாஸ் சிட்டி அணி 45-44 என்று தோற்றது. அதே 2014இல் தொடங்கிய அடுத்த சீசன் முழுக்க கன்சாஸ் சிட்டியின் வைட் ரிசீவர் (ஓரத்திலிருந்து ஓடிப் பந்தைப் பிடிப்பவர்) ஒருவர்கூட டச்டவுன் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. பத்திரம் அந்த அளவுக்குப் போனால் எதிரணிக்கு நீளப் பந்தைப் பற்றிய பயமே போய்விடும். பயம் போனதும் முன்னால் வந்து நின்றுகொள்வார்கள், அப்புறம் குட்டைப் பந்துக்கும் இடம் இருக்காது.

2017இல் கன்சாஸ் சிட்டி மஹோம்ஸைத் தேர்ந்தெடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தது. அந்த வருடம் ஸ்மித் திடீரென்று நீள நீளமாக எறிய ஆரம்பித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பையன்தான் காரணம் என்பது என் ஊகம், ஆதாரம் கிடையாது. 26 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், குவாட்டர்பேக் மதிப்பீட்டில் லீகிலேயே முதலிடம். 2018 தொடக்கத்தில் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.