வாசகர் கேள்வி: பால் கரண்டியும் கறிச் சட்டியும்

கேள்வி: யூதர்கள் பாலையும் கறியையும் சேர்க்கவே மாட்டார்கள், அதற்காக இரண்டு சமையலறை வைத்திருப்பார்கள் என்று படித்தேன். உண்மையா அக்கா? இதில் அறிவியல் காரணம் ஏதாவது உண்டா?
– வாசகர், தேனி

இரண்டு சமையலறை வசதி உள்ளவர்களுக்குத்தான். ஜெருசலேமில் நான் இரண்டு வருடம் மாடியில் குடியிருந்தபோது, கீழ்வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. ஆனால் சட்டி, தட்டு, கரண்டி, பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் இரண்டு இரண்டு: சிவப்புக் கைப்பிடி கறிக்கு, நீலம் பாலுக்கு. கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் காபி. ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்களில் மூன்று மணி நேரம், ஹாலந்துக்காரர்களுக்கு ஒரு மணி நேரம்கூடப் போதும். மீன், முட்டை, காய், பருப்பு எல்லாம் இரண்டிலும் சேராத பொது வகை. அதைப் 'பார்வெ' என்பார்கள்.

அறிவியலைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேக வைக்காதே என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து விரிந்ததுதான் இத்தனையும். 12ஆம் நூற்றாண்டில் வைத்தியராகவும் இருந்த யூத அறிஞர் மைமோனிடஸ், இது கனமான உணவு என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறார், சரி. ஆனால் கீழ்வீட்டு அம்மா ஒரு நாளும் செரிமானத்தைப் பற்றிப் பேசியதில்லை. கடவுள் சொன்னார், செய்கிறோம், அவ்வளவுதான். நம் வீட்டு வழக்கங்களுக்கெல்லாம் அறிவியல் சான்றிதழ் தேடி அலைகிறோமே, அந்தப் பழக்கத்தை அடுத்தவர் வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு நாள் உதவி செய்கிறேன் என்று போய், நீலக் கைப்பிடி எவர்சில்வர் கரண்டியைக் கொதிக்கிற கறிக்குழம்பில் விட்டுவிட்டேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. கரண்டியை எடுத்துத் தனியாக வைத்தார், அடுப்பை அணைத்தார், அவர்களுடைய மதகுருவான ரப்பிக்குப் போன் போட்டார். ரப்பி கேட்ட கேள்விகள்: இந்தக் கரண்டி கடைசி 24 மணி நேரத்தில் சூடான பாலில் பட்டதா? குழம்பு, கரண்டி முங்கிய பகுதியைப் போல 60 மடங்கு இருக்குமா? கரண்டி நான்கு நாளாக அலமாரியில்தான் இருந்தது. குழம்பைச் சாப்பிடலாம், கரண்டியை மட்டும் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு பயன்படுத்துங்கள் என்றார். 'கேட்டாயா, ஒன்றும் வீணாகவில்லை' என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுப்பை மறுபடி பற்ற வைத்தார். எட்டுப் பேர் சாப்பாடு அது.

கேள்வி: கறிக்குழம்பில் தேங்காய்ப்பால் விடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

தாராளமாக விடலாம், அது பார்வெ. கொச்சி யூதர்கள் கறிக்குத் தேங்காய்ப்பால்தான் விட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரப்பி மோசே இஸர்லெஸுக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான், ஆனால் பாதாம்பாலை வைத்து. இறைச்சியில் பாதாம்பால் விட்டால் பக்கத்தில் நாலு பாதாமையும் வையுங்கள், பார்க்கிறவர்கள் மாட்டுப்பால் என்று நினைத்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: யூத வீடுகளில் சனிக்கிழமை அடுப்பே பற்ற வைக்கக் கூடாதாமே, அப்படியானால் அன்றைக்காவது பெண்களுக்கு ஓய்வு கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

கிடைக்கும், ஆனால் அதற்கான விலையை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுகிறார்கள். கீழ்வீட்டு அம்மா காலையிலேயே ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து, அதில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு கிள்ளி, ஆசி சொல்லி, எரிப்பதற்காகத் தனியே எடுத்து வைப்பார். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தம்ளரில் உடைத்து வெளிச்சத்தில் பார்ப்பார், ரத்தப்புள்ளி இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. கீரையில் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்க்கும் வேலை பெரிய பெண்ணுக்கு. பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டுக்கறி எல்லாம் போட்ட சோலென்ட் முன்கூட்டியே வெந்து மின்தட்டின் மேல் ஏறிவிடும். மறுநாள் மதியம் வரை அங்கேயேதான் இருக்கும். நடுராத்திரியில் என் மாடிவரை அந்த வாசம் வரும்.

ஓய்வுநாளில் விளக்கைப் போடவோ அணைக்கவோ மாட்டார்கள் என்பதால், விளக்குக்கெல்லாம் டைமர் வைப்பது, ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றுவது வீட்டுக்காரர் வேலை. இது மட்டும் போதாது, அவரும் காய் நறுக்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும், அந்த அம்மாவிடமே சொல்லியும் இருக்கிறேன். சிரித்தார், மறுக்கவில்லை.

ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; ஜெருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆசி சொல்லி அந்த அம்மா கையை இறக்கும்போது முகமே வேறாக இருக்கும். அப்புறம் சமையல் இல்லை, போன் இல்லை. ஜெப ஆலயத்திலிருந்து வந்ததும் அப்பா பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தலையில் இரண்டு கையையும் வைப்பார்: பையன்களுக்கு எப்பிராயீம், மனாசே போல ஆகட்டும் என்று, பெண்களுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல ஆகட்டும் என்று. கடைசிப் பையனுக்கு நாலு வயது. அவனாகவே ஓடி வந்து, குனிந்து, தலையை நீட்டிக்கொண்டு நிற்பான்.