தண்ணீர்த் தொட்டியின் சாவி யாரிடம் இருக்கப் போகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூர் பக்கம் மகளிர் சங்கம் நடத்துகிறோம். கோடையைச் சமாளிக்க மழைநீர்த் தொட்டியும், ஷீட் வீடுகளுக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சும் போட ஒரு தொண்டு நிறுவனம் 6 லட்சம் ரூபாய் வரை தருவதாகச் சொல்கிறது. விண்ணப்பத்தில் ‘மோதல், அமைதி குறித்த மதிப்பீடு’ என்று 2 பக்கம் காலியாக இருக்கிறது. எங்கள் மூன்று தெருக்களிலும் தமிழர், கன்னடர், உருது பேசுகிறவர்கள், வடக்கிலிருந்து வந்த வாடகைக்காரர்கள் எல்லாரும் இருக்கிறோம். சண்டை எதுவும் இல்லை. 40,000 ரூபாய் கொடுத்தால் எழுதித் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பர் காவிரிக் கலவரம், 2016 செப்டம்பர் கலவரம், பிறகு ‘நல்லிணக்கக் கூட்டங்கள் நடத்தப்படும்’ என்று ஒரு வரி. இதே பக்கங்களை வேறு வேறு சங்கங்களின் விண்ணப்பங்களில் படித்திருக்கிறேன். ஒன்றில் பக்கத்துப் பேட்டையின் பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார்கள். அந்தக் கலவரங்கள் நடந்தது உண்மை. ஆனால் உங்கள் தொட்டியை எங்கே வைப்பது என்று அவை சொல்லாது.

அந்த 2 பக்கம் எதற்கு? ஒரு பகுதிக்குப் பணம் வரும்போது, ஏற்கெனவே இருக்கிற மனக்கசப்பை அது பெரிதாக்கிவிடலாம். 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டிலும் இதைப் பற்றி ஒரு பிரகடனம் வந்தது. நன்கொடையாளர்கள் இதைக் கேட்பது நியாயம்தான். தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண்ணுக்குப் புரியாத மொழியில் கேட்பதுதான் எனக்குக் கோபம்.

‘சண்டை எதுவும் இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். விடியற்காலை குழாயடியில் குடங்கள் நிற்கிற வரிசையை ஒருநாள் பாருங்கள். யாருடைய குடம் எப்போதும் கடைசி? வாட்டர்மேன் வால்வைத் திறக்கப் போவது யாருக்கு முதலில் தெரிகிறது? இதை எழுதினாலே முதல் பக்கம் நிரம்பிவிடும்.

சில வருடம் முன்பு நான் ஆலோசனை சொன்ன ஓர் இடத்தில், கோயில் சுற்றுச்சுவருக்குள் தொட்டி வைத்தார்கள். இடம் இலவசம், பாதுகாப்பானது என்று நானும் சரி என்றேன். நான் செய்த தப்பு அது. இரவு 8 மணிக்கு நடை சாத்தினால் தண்ணீரும் சாத்தப்பட்டது. பின்தெரு முஸ்லிம் பெண்களை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அவர்கள் உள்ளே வரவும் இல்லை. மூன்றாம் மாதம் யாரோ குழாயை அறுத்துப் போட்டார்கள். அதன் பிறகு இரண்டு தெருவும் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. அதனால் தொட்டியைப் பொது இடத்தில், தெரு முனையில் வையுங்கள். தனியார் திண்ணையிலோ, ‘என் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தாராளம் காட்டுகிற தலைவரின் மனையிலோ வைக்கவே கூடாது.

அப்புறம் டேங்கர்காரர். 2024 கோடையில் நகரத்தின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வரே சொன்னார். டேங்கர் விலை எகிறியதால் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் வரம்பு வைத்தது. உங்கள் தொட்டி நிரம்பினால் ஒருவருடைய வியாபாரம் குறையும். மதம், மொழி என்று எழுதுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

எல்லா முடிவையும் தெருவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், தமிழிலும் கன்னடத்திலும் உருதிலும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: கூரைப் பூச்சுப் பட்டியல். வாடகை வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடித்தால் ‘வீடு குளுகுளு என்று இருக்கிறதே’ என்று ஓனர் வாடகையை ஏற்றுகிறார், அல்லது அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் காலி செய்யச் சொல்கிறார். வெயிலில் வெந்தவர் ஒருவர், பலன் இன்னொருவருக்கு. குடியிருப்பவர் பெயர்களைச் சுவரில் ஒட்டினால், யார் யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது, ஒரே அறையில் எத்தனை பேர் என்ற கேள்விகள் கிளம்பும். அந்தப் பட்டியலில் மட்டும் பெயர் போடாமல், எந்த வரிசையில் எத்தனை வீடு என்ற எண்ணிக்கையைப் படியுங்கள். ஓனரிடம் முன்கூட்டியே 2 வருடத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை என்று எழுதி வாங்கிய பிறகே பிரஷ்ஷைத் தொடுங்கள். எழுதித் தராதவர் வீட்டில் குடியிருப்பவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். கழற்றி எடுத்துப் போகக்கூடிய தட்டியோ வெயில் வலையோ அவருக்கு வாங்கிக் கொடுங்கள். இதை 2 வரியில் எழுதினால் போதும், படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

கன்சல்டன்ட் ‘உங்கள் சங்கக் கணக்கிலேயே பணம் போடச் சொல்கிறேன், எனக்கு ஒரு பங்கு’ என்றும் சொல்லக்கூடும். அது வெளிநாட்டுப் பணமா என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற நிறுவனம் அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிறுவனமே நேரடியாகப் பொருள் வாங்கி, மேஸ்திரிக்குக் கூலி கொடுத்து வேலையை முடிக்கட்டும்.

இரண்டாம் பக்கத்தில் புகார் வழியை எழுதுங்கள். மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் தேர்தலே இல்லை. குழாய் வரவில்லை என்றால் யாரிடம் போவது? அந்த வெற்றிடத்தில்தான் திடீர்த் தலைவர்கள் முளைக்கிறார்கள். அதனால் மூன்று தெருவிலிருந்தும் ஆளுக்கொரு பெண், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு போன் நம்பர் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஆளாக வாடகைக்காரர் ஒருவரும் அவர்களோடு இருக்க வேண்டும்.

தொட்டிக்குப் பூட்டு வாங்கும்போது நான்கு சாவியாகச் செய்து அந்த நால்வரிடமும் கொடுங்கள். யார் யாரிடம் சாவி என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.