பாக்கெட் வேறு, பை வேறு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனையும் அவன் நண்பனையும் பைக்கில் வரும்போது போலீஸ் மடக்கியிருக்கிறது. மகனின் பேன்ட் பாக்கெட்டில் 40 கிராம் கஞ்சா, டேங்க் மேல் இருந்த நண்பனின் பையில் 1.2 கிலோ என்று இருவர் மேலும் வழக்கு. மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டாமே? அதை மகனிடம் சொல்லவே இல்லையாம். நண்பனிடம் மட்டும் இருவருக்கும் சேர்த்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். “இது ஒன்று போதும், கேஸ் உடைந்துவிடும்” என்கிறார் தெரிந்தவர். நம்பலாமா?
– ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: பாதி நம்பலாம் அம்மா. பாக்கெட் மட்டுக்கும்.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவுதான் நீங்கள் சொல்வது. உடலைச் சோதிக்கும் முன், “கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று சொல்லியாக வேண்டும். 1999-லும் 2010-லும் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதி செய்தன. பரமானந்த் வழக்கில் (2014) உங்கள் மகன் கதையேதான்: இருவர் பிடிபட்டார்கள், ஒருவரே இருவருக்குமாகக் கையெழுத்துப் போட்டார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம், விடுதலை நிலைத்தது.

ஆனால் 50-வது பிரிவு உடலுக்குத்தான், பைக்கு இல்லை. 2005-லேயே சொன்னதை 2023-லும் உச்ச நீதிமன்றம் திருப்பிச் சொல்லிவிட்டது. பாக்கெட் சோதனையில் தப்பு நடந்தது என்பதற்காகப் பையில் எடுத்ததும் அடிபட்டுப் போகாது. உங்களுக்குத் தைரியம் சொன்னவர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

பையைப் பொறுத்தவரை நமக்கு வேறு கேள்வி. பையில் இருப்பது மகனுக்குத் தெரியுமா? அவன் பின்னால் உட்கார்ந்து வந்தவனா, வண்டி யாருடையது? தெரிந்தே வைத்திருந்தான் என்று 35-வது பிரிவு அனுமானிக்கும். இல்லையென்று காட்டும் சுமை நம் தலையில். எனவே நண்பனோடு சேர்ந்து ஒரே வக்கீலை வைக்காதீர்கள். செலவு மிச்சம் என்பார்கள். இருவர் நலனும் இங்கே மோதுகிறது.

எஃப்.ஐ.ஆரின் முதல் பத்தியைப் பாருங்கள். “ரகசியத் தகவலின்பேரில்” என்று இருந்தால் 50-வது பிரிவு வாதம் நிற்கும். “வாகனத் தணிக்கையில் தற்செயலாக” என்றிருந்தால் முன்தகவல் இல்லை, 50-வது பிரிவு பொருந்தாது என்று அரசுத் தரப்பு அதையே கேடயமாக்கும்.

அந்தக் கையெழுத்துத் தாளின் நகலை வாங்கி மகஜரோடு (சோதனை, பறிமுதல் விவரம் எழுதிய போலீஸ் ஆவணம்) வைத்து நேரத்தை ஒப்பிடுங்கள். என்னிடம் வரும் இந்தத் தாள்கள் பல, முன்பே டைப் அடித்துப் பெயருக்கு மட்டும் இடம் விட்டவை. பேனாவால் நிரப்பிய நேரம் சில சமயம் சோதனைக்குப் பிந்தையதாக இருக்கும்! 2024 ஜூலையிலிருந்து சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அந்தப் பதிவைக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். ஆய்வுக்காகக் கஞ்சாவில் மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜாமீனுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, வணிக அளவு 20 கிலோ. 1.2 கிலோ இடைப்பட்டது. வணிக அளவு வழக்குகளில் ஜாமீனை இறுக்கும் 37-வது பிரிவின் கெடுபிடி இதற்கு வராது. ஆனால் நிரூபணமானால் 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. வெறும் 40 கிராமுக்கு அதிகபட்சம் ஓராண்டு. மகனைப் பையிலிருந்து பிரித்துக் காட்டுவதில்தான் உங்கள் வக்கீலுக்கு வேலை.