பானட்டைத் திறந்தால் பிசுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா ஓட்டின 1982 பிரீமியர் பத்மினி பல வருஷமாக வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இப்போது என்ஜினை இறக்கி ரிங் மாற்றக் கொடுத்திருக்கிறேன். காலி இடத்தை டீசலில் துடைத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடலாம், பானட்டை மூடினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், காசிமேடு)

பதில்: மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. கெட்டியான கிரீஸை டீசல் நன்றாக இளக்கும், ஸ்கிரேப்பரும் பழைய பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டினால் வழித்துக்கொண்டு வரும். ஆனால் டீசலே எண்ணெய்தானே, துடைத்த பிறகும் மெல்லிசாகப் படிந்து நிற்கும், அதன்மேல் அடித்த பெயிண்ட் தோலாக உரியும். அதனால் டீசலுக்குப் பிறகு சோப்புத் தண்ணீரில் இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வையுங்கள், ஏற்கெனவே கடல் காற்று கொண்டுவந்த உப்பு போதாதா? பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும்.

நான் பயப்படுவது பேட்டரி ட்ரேயைத்தான். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அங்கே ஊற்றுங்கள், நுரைத்தால் ஆசிட் மிச்சம் இருக்கிறது, நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவுங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பட்டி வைத்து மூடுகிற வேலையே வேண்டாம், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. பிரேக் ஆயில் ஒழுகும் இடத்திலும் பெயிண்ட் வெந்து போயிருக்கும், ஒழுகலை நிறுத்தாமல் அங்கே கை வைக்காதீர்கள்.

துருவை உப்புத்தாளில் தேய்த்துத் தகடு வெளியே தெரிந்ததும் வெறும் கையால் தொடாமல் தின்னரில் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். நம் பக்கக் காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே செம்மண் பூசின மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கறுப்பு மட்டும் வேண்டாம். நாளைக்கு எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது, பாடி கலரையே அடியுங்கள். கழுவின டீசலைத் தட்டில் பிடியுங்கள், சிந்தினதை மரத்தூள் போட்டு அள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர் நம்முடையது, சாக்கடையில் ஊற்ற மனசு வராது.

கேள்வி: என்ஜினை இறக்காமல் பிரஷர் தண்ணீர் அடிக்கலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: சூடாக இருக்கும்போது வேண்டாம். ஆறின பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலித்தீன் சுற்றிக் கட்டிவிட்டு, வீட்டு ஹோஸால் மெதுவாக ஊற்றுங்கள். பிரஷர் அடித்தால் பழைய வயரிங் எங்கெல்லாம் வெடித்திருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் புகுந்து, மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.