நாய் சொல்லும் கதையில் சிவப்புக் கதவு

கேள்வி: நாயே சொல்வதாக ஒரு சிறுகதை எழுதினேன். "சிவப்புக் கதவு திறந்தது. கவலை தோய்ந்த முகத்துடன் வீட்டுக்காரர் வெளியே வந்தார்" என்று தொடங்குகிறது. படித்தவர்கள், நாய் வேஷம் போட்ட மனிதர் பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

பதில்: அந்த இரண்டு வரிகளிலேயே இடிக்கிறது. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆகவே சிவப்புக் கதவைப் பார்த்தவர் நீங்கள். "கவலை" என்பதும் உங்கள் முடிவுதான். நாய்க்குக் கிடைப்பது வியர்வையின் வாடை மாறியிருப்பதும், நடையில் வேகம் கூடியிருப்பதும், தலையைத் தடவ வரும் கை இன்று வராததும்.

இப்படித் திருத்திப் பாருங்கள்: "கதவு அசையுமுன்பே அவர் வந்துவிட்டார், அடியிலிருந்த இடுக்கு வழியாக. பழைய சோப்பு, அதன்மேல் புது வியர்வை. கால்கள் என்னைத் தாண்டின. கை வரவில்லை." கவலை என்ற சொல் இல்லை, வாசகருக்குக் கவலை புரிந்துவிடுகிறது.

முழுக் கதைக்கும் இதே வேலைதான். கண்ணால் மட்டும் அல்லது மனிதர் மட்டும் அறியக்கூடிய ஒவ்வொன்றையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். நிறம், கடிகாரம் காட்டும் நேரம், உத்தியோகப் பெயர், எழுத்துப் பலகை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். மிச்சத்தில் பாதியையாவது மூக்குக்கும் காதுக்கும் மாற்றுங்கள்.

மாற்றும்போது புதுச் சிக்கல் ஒன்று வரும். "இன்ன மணம், இன்ன வாடை" என்று பெயரடைகளாக அடுக்கினால் இரண்டாம் பத்தியிலேயே சலித்துவிடும். வாடைக்கு வினை கொடுங்கள்: யாருடையது, எப்போது போனது, எந்தப் பக்கம் போனது. மங்கிய வாடை நேற்று வந்தவர். காற்றில் வருவது இன்னும் கண்ணில் படாதவர். ஒரே தெருமுனையில் இறந்தகாலமும் வருங்காலமும் சேர்ந்து கிடக்கின்றன. கதைசொல்லிக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. இன்னொன்று, அழுகியதை "துர்நாற்றம்" என்று எழுதாதீர்கள். முகம் சுளிப்பது நம் மூக்கு. நாய் அதில் ஆசையோடு புரளும்.

கேள்வி: என் கதாநாயகன் ஒரு வேலைக்கார எறும்பு. இறந்த தோழனைக் கண்டு அழுகிறான். இது அபத்தமா?

பதில்: முதலில் நாயகனை நாயகி ஆக்குங்கள். எறும்புகளில் வேலைக்காரர் அனைவரும் பெண்களே. ஆண்கள் இணை சேர்வதற்காகவே பிறந்து விரைவில் மடிகிறவை.

நீதிக்கதையாக இருந்தால் எறும்பு அழலாம். எறும்பின் உலகத்துக்குள்ளேயே நிற்க விரும்பினால், அழுகையைவிட வலுவான காட்சி அங்கேயே இருக்கிறது. செத்த எறும்பைச் சக எறும்புகள் உடனே பிணமாக அறிவதில்லை. உடல் சிதையத் தொடங்கி ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் போன்றவை சேர்ந்த பிறகுதான் தூக்கிப்போய்க் குப்பைமேட்டில் போடுகின்றன. எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 1958இல் வெளியிட்ட ஆய்வில், அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின்மீது தடவினார்கள். கால்களை உதைத்துத் திமிறியபோதும் மற்றவை அதைக் குப்பைமேட்டுக்கே கொண்டுபோயின. தன்னைத் துடைத்துச் சுத்தமாக்கும்வரை அது பிணம்தான். உங்கள் நாயகியை அந்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

ஆபத்துகளையும் அவள் அளவுக்கு மாற்றுங்கள். மேசையிலிருந்து விழுந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நீர்த்துளி ஒட்டிப் பிடித்துக்கொண்டால் சாகலாம். தரையை ஒருவர் ஈரத்துணியால் துடைத்தால், வாடையால் போட்டிருந்த பாதை அழிந்து வரிசையே திகைத்து நிற்கும். ஒரு கதைக்கு அந்த விபத்து ஒன்றே போதும்.

கேள்வி: மனிதர் பேசுவது விலங்குக்குப் புரியலாமா?

பதில்: முழுக்கப் புரியலாம், சில சொற்கள் மட்டும் புரியலாம், வெறும் ஓசையாகவும் கேட்கலாம். எதுவானாலும் முதல் பக்கத்திலேயே முடிவாகிவிட வேண்டும். பாதியில் வசதிக்காக மாற்றினால் வாசகர் நம்பிக்கை போய்விடும்.

நடுவழியே அதிகம் பலன் தரும். பூனைக்குத் தன் பெயரும் குரலின் ஏற்ற இறக்கமும் மட்டும் தெரிகின்றன என்று வையுங்கள். பெட்டிகள் அடுக்கப்படுகின்றன, சுவரில் இருந்தவை தரைக்கு வருகின்றன, அதன் பெயர் தணிந்த குரலில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பெட்டிக்குள் படுக்க இடம் கிடைத்ததென்று பூனை மகிழ்கிறது. வீடு காலியாகிறதென்பது வாசகருக்குத் தெரியும். இத்தகைய அடையாளம் ஒன்றுக்கு மேல் தேவை. ஒன்றே இருந்தால் வாசகர் தவறவிடுவார். ஆனால் பூனை "ஏதோ சரியில்லை" என்று சொன்ன மறுகணம், அதற்குத் தெரிவதற்கும் வாசகருக்குத் தெரிவதற்கும் உள்ள இடைவெளி மூடிவிடும். அந்த வரியை வெட்டுங்கள்.

கேள்வி: படர்க்கையில் எழுதும்போது "அது" என்பதா, "அவள்" என்பதா?

பதில்: விலங்கின் மனத்துக்குள் நின்று எழுதினால் "அவள்", வெளியே நின்று கவனித்தால் "அது". ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் அச்சுப்பிழையாகவே தோன்றும்.