பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டார் வாங்குவதற்கு முன்

கேள்வி: பழைய வண்டி. பட்டனை அழுத்தினால் 'டிக் டிக் டிக்' என்று மட்டும் கேட்டது. மெக்கானிக் "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு" என்று புதியது போட்டார். இரண்டே வாரத்தில் மறுபடி அதே சத்தம். இப்போது பேட்டரியை மாற்றச் சொல்கிறார். பழைய மோட்டாரைக் கேட்டால், பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டதாம். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தாரா, சோதிக்கச் சோம்பல்பட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பணம் போனது உங்களுக்குத்தான்.

விடாமல் 'டிக் டிக்' என்று அடிப்பது ரிலே, அதாவது பட்டனை அழுத்தியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச். அதை இழுத்துப் பிடிக்கும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட் பாயத் தொடங்கியதும் வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது. பாரம் விலகியதும் வோல்டேஜ் ஏறி மறுபடி பிடிக்கிறது. ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும்தான். மோட்டார் மாட்டும்போது பேட்டரியைக் கழற்றி, டெர்மினலைச் சுத்தம் செய்து, சார்ஜும் ஏற்றியிருப்பார். இரண்டு வாரம் ஓடியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது பேட்டரியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவுகளை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில், சில மணி நேரம் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்ட வேண்டும். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. என்ஜின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் பொதுவாக 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். இந்த மூன்றாவது அளவு ஏறவில்லையென்றால் கோளாறு மேக்னெட் காயிலிலோ (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது), ரெக்டிஃபயரிலோ (அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவது), வயரிங்கிலோ இருக்கிறது. அப்போது புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும், மூன்றாவது பில் வரும்.

இன்னொன்று. நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. கழற்றிய பழைய பொருள் உங்களுடையது. வேலை கொடுக்கும்போதே, "மாற்றுகிற எதையும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள், பில்லில் எழுதியும் வாங்குங்கள். மோட்டார் கெட்டதா இல்லையா என்பதற்கு அந்தப் பழைய மோட்டாரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. திறந்து பார்த்தால் பிரஷ் (உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை) தேய்ந்திருக்கிறதா, ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பகுதி) கருகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தச் சாட்சி ஒர்க்‌ஷாப்பிலேயே தங்கிவிட்டால் பிறகு எதை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? நல்ல மெக்கானிக் கேட்காமலே பழைய பொருளைப் பையில் போட்டுக் கொடுப்பார். கேட்டும் கொடுக்காதவரிடம் வண்டியை மறுபடி விடாதீர்கள். உங்கள் விஷயத்தில், மோட்டார் கெட்டதாக எந்தச் சோதனையில் தெரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், புது மோட்டாரை அவரே எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி: பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. ஆன்லைனில் புது ரிலே வாங்கி மாட்டினேன். அப்படியேதான் இருக்கிறது. அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள்! மருந்தை வாங்கிவிட்டு நோய் என்னவென்று கேட்கிறீர்கள். என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா? நியூட்ரல் விளக்கு எரிகிறதா? ஃபியூஸ் பார்த்தீர்களா? கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பழைய வண்டிகளில் கிளட்ச் லீவர் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் தண்ணீரும் சேறும் பட்டுச் சாகும். ஸ்டார்ட்டர் பட்டனுக்குள் பச்சை பூத்திருக்கும். பட்டனை அழுத்தியபடி ரிலேயின் மெல்லிய வயர் இரண்டுக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வரவில்லையென்றால் உலகத்தில் எந்த ரிலேயும் அங்கே வேலை செய்யாது.

கேள்வி: மோட்டார் 'விர்' என்று சுற்றுகிறது, என்ஜின் அசையவே இல்லை. மோட்டார் மலிவு விலையில் வருகிறது, வாங்கிவிடவா?

பதில்: வேண்டாம். மோட்டார்தான் நன்றாகச் சுற்றுகிறதே. மோட்டாரின் சுற்றலை என்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது, அல்லது இடையில் உள்ள பல்சக்கரம் போயிருக்கிறது.

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு 'டொக்'. மோட்டாரை மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது. பிரஷ் மட்டும் மாற்றலாமா, முழு மோட்டாரா?

பதில்: தட்டினால் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ்தான். நீங்கள் வாங்குவதற்கு முன் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கித் திறக்கச் சொல்லுங்கள். பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பிரஷ் செட் போதும். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளையும் அவற்றின் இடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். அந்தப் பட்டைக்கும் நடுத்தண்டுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால் ஆர்மேச்சர் போய்விட்டது. அப்போதுதான் முழு மோட்டார்.

அப்படி வாங்க நேர்ந்தால் பெயரில்லாத மோட்டார் வேண்டாம். நான் ஒன்று வாங்கினேன். பளபளவென்று பெட்டியில் வந்தது. சில மாதத்தில் உள்ளே காந்தத்தின் பசை விட்டு, காந்தம் ஆர்மேச்சரில் சிக்கி மோட்டார் இறுகிப்போனது. விற்றவர், மின்சாதனத்துக்கு வாரண்டியே கிடையாது என்று கையை விரித்துவிட்டார், பணத்தைக் கொடுக்கும்வரை அதை அவர் சொல்லவில்லை. கழற்றி வைத்திருந்த பழைய மோட்டாருக்குப் பிரஷ் செட் போட்டேன், இன்றும் அதுதான் ஓடுகிறது. பணம் கொடுக்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து பல் எண்ணிக்கை, போல்ட் துளை, சுற்றும் திசை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன். பார்க்கப் போனபோது தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்கு வந்தபின் காலையில் செல்ஃப் திணறுகிறது.

பதில்: நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். இது பழைய தந்திரம், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். சோர்ந்த பேட்டரியும் தேய்ந்த பிரஷும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். செலவில்லாத இடத்தில் தொடங்குங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜின் உடம்புக்கு மீட்டரை வைத்து பட்டனை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. சுரண்டி இறுக்கினாலே சரியாகலாம். வண்டி பார்க்கப் போகிற மற்றவர்கள், சாவியைக் கேட்பதற்கு முன் என்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டிக்கு லித்தியம் பேட்டரி போடலாமா?

பதில்: சார்ஜிங் வோல்டேஜை (முதல் பதிலில் சொன்ன மூன்றாவது அளவு) அளந்து எழுதுங்கள், பிறகு பேசலாம். 15-ஐத் தொடுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டையும் ஸ்குரூடிரைவரால் இணைத்து தினமும் ஸ்டார்ட் செய்கிறேன். இப்படியே ஓட்டலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க மெக்கானிக் செய்கிற சோதனை அது. தீப்பொறி பறக்கிறது, மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. கியரில் கிடந்தால் வண்டி பாயும். ரிலேயிலா, பட்டன் வயரிங்கிலா, எதில் கோளாறு என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள்.