கேல் ரத்னா யாருக்கு? கேட்டவர்களும் நான் சொன்னதும்

2025 ஜனவரி 17 அன்று 2024-க்கான தேசிய விளையாட்டு விருதுகளைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். துப்பாக்கி சுடும் மனு பாக்கர், சதுரங்கத்தின் குகேஷ், ஹாக்கி கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், பாரா (மாற்றுத்திறனாளிகள் பிரிவு) உயரம் தாண்டும் வீரர் பிரவீன் குமார் ஆகிய நால்வருக்கு, நாட்டின் உச்ச விளையாட்டு விருதான கேல் ரத்னா. 32 பேருக்கு அதற்கு அடுத்த படியான அர்ஜுனா. விழா முடிந்தும் யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்ற சண்டை முடியவில்லை என்பதால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். பெரிய தகுதி எதுவும் எனக்கு இல்லை. தடகளச் சங்கம் ஒன்றில் பல வருடம் வீரர்களின் விருது விண்ணப்பங்களை எழுதி, சான்றிதழுக்கு நகல் எடுத்து, கையெழுத்துக்காக அலைந்தவன். யார் பெரிய வீரர் என்று என்னைக் கேட்காதீர்கள். யாருடைய காகிதம் எங்கே நின்றது என்று கேளுங்கள்.

கல்லூரி மாணவி, மதுரை: ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய மனு பாக்கர் பெயரே முதலில் பட்டியலில் இல்லையாமே, இது அநியாயம் இல்லையா?

அநியாயம் என்பதைவிட அசிரத்தை என்பேன் அம்மா. 2024 டிசம்பரில் நடந்தது இதுதான்: பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று செய்தி வந்தது. விண்ணப்பமே வரவில்லை என்றது அமைச்சகத் தரப்பு. அவருடைய அப்பா கோபப்பட்டுப் பேசினார். கடைசியில் மனுவே, பெயர் கொடுத்ததில் தன் பக்கம் தவறு நடந்திருக்கலாம் என்று சொன்னார். ஜனவரி 2 அன்று வந்த இறுதிப் பட்டியலில் பெயர் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். நாடே பார்த்த விஷயம். அவர் பெயரைச் சேர்க்க ஒரு படிவம் வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான். ஆனால் மனு பாக்கர் என்பதால் நாடு சத்தம் போட்டது. சத்தம் போட ஆள் இல்லாதவர்கள் கதி என்ன? எனக்குத் தெரிந்த ஒரு தடை ஓட்டக்காரப் பெண் இருந்தார். நான்கு ஆண்டு சாதனையையும் அடுக்கி, நானே தைத்துக் கட்டி மேலே அனுப்பினேன். கடைசித் தேதி முடிந்து மூன்று வாரம் கழித்து அதே கட்டு, நான் போட்ட முடிச்சுகூட அவிழாமல், ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. யாரும் சதி செய்யவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவருக்குக் கணுக்கால் போனது. அப்புறம் அனுப்ப எதுவும் இல்லை.

ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்னும் பலமுறை சொல்வேன்: இப்போது வீரரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்களே போடுங்கள். ஒப்புகையை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: குகேஷுக்குப் பதினெட்டு வயதுதான். இவ்வளவு சீக்கிரம் உச்ச விருதா?

வயது ஒரு தடையே இல்லை ஐயா. அபினவ் பிந்த்ரா 2001-க்கான கேல் ரத்னாவை வாங்கியது பதின்வயதில். பெய்ஜிங் தங்கம் அதற்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் வந்தது. குகேஷ் உலக சாம்பியன் ஆகிவிட்டு வாங்கியிருக்கிறார். இந்த விருதை முதன்முதலில் (1991-92) வாங்கியவரும் நம் ஊர் சதுரங்கக்காரர் விஸ்வநாதன் ஆனந்த்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சேப்பாக்கம்காரர்: சார், நேராகக் கேட்கிறேன். அஷ்வினுக்கு ஏன் கேல் ரத்னா இல்லை? தமிழன் என்பதாலா?

வந்துவிட்டது. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

தமிழன் என்பதால் இல்லை. ஆனந்த், 2020-ல் பாரா உயரம் தாண்டும் மாரியப்பன், 2022-ல் அந்த ஆண்டின் ஒரே ஆளாக டேபிள் டென்னிஸ் சரத் கமல், இப்போது குகேஷ் என்று நம் ஆட்கள் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அஷ்வின் விஷயத்தில் காலக்கணக்கைப் பாருங்கள். கேல் ரத்னாவுக்கு எடைபோடுவது விருது ஆண்டுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளை. முழு வாழ்க்கையை அல்ல. அஷ்வினின் உச்சம் 2016. அந்த வருடம் ஐசிசியின் சிறந்த வீரர், சிறந்த டெஸ்ட் வீரர் இரண்டும் அவர்தான். கிரிக்கெட் வாரியம் அவர் பெயரையும் மகளிர் அணியின் மிதாலி ராஜ் பெயரையும் அனுப்பியது 2021-ல். 2021-க்கு முந்தைய நான்கு ஆண்டு என்றால் 2017-ல் தொடங்குகிறது. உச்ச ஆண்டு ஒரு வருட இடைவெளியில் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது. மிதாலிக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை.

2024 டிசம்பரில் ஓய்வு அறிவித்தபோது 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியப் பவுலர்களில் கும்ப்ளேவின் 619-க்கு அடுத்த இடம். 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. கேல் ரத்னா வண்டி போய்விட்டது.

பெயர் சொல்லாதவர்: தயான் சந்துக்கு ஏன் பாரத ரத்னா தரவில்லை?

அது வேறு விருது, வேறு விதி. பாரத ரத்னாவை எந்தத் துறைக்கும் தரலாம் என்று விதியைத் திருத்தியதே 2011 கடைசியில்தான். 2014-ல் சச்சின் வாங்கினார், முதல் விளையாட்டு வீரராக. ஹாக்கியில் 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவருக்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்தும்தான். ஆனால் இன்றைய பேச்சு அது இல்லை.

பயிற்சியாளர், நாமக்கல்: வழக்குப் போட்டால் விருது கிடைக்குமா?

சிலருக்குக் கிடைத்திருக்கிறது. 2014-ல் குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமாரை அர்ஜுனா பட்டியலில் விட்டுவிட்டார்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் அவருக்கும் தொடர்பு என்று தப்பாக நினைத்துக்கொண்டதுதான் காரணம். டெல்லி உயர் நீதிமன்றம் போனார், தவறை ஒப்புக்கொண்டு விருதைக் கொடுத்தார்கள். அதே 2014-ல் கேல் ரத்னா யாருக்குமே இல்லை என்பது தனிக் கதை.

2015-ல் சானியா மிர்சாவுக்கு கேல் ரத்னா அறிவித்தபோது, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய கிரீஷா கர்நாடக உயர் நீதிமன்றம் போனார். பதக்கங்களுக்குப் போடும் புள்ளிக் கணக்கில் தான் முன்னால் இருப்பதாக வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடையே போட்டது. ஆனாலும் ஆகஸ்ட் 29 அன்று சானியா விருதை வாங்கினார்.

வித்தியாசம் புரிகிறதா? மனோஜ் காட்டியது தெளிவான ஒரு பிழையை. கிரீஷா கேட்டது, இரண்டு சாதனையில் எது பெரிது என்ற கேள்வி. இரண்டாவது வகை வழக்குக்குக் காலமும் காசும்தான் கரையும். உங்கள் மாணவருக்குப் பிழை ஏதாவது நடந்திருந்தால் மட்டும் போங்கள். அதற்கும் கையில் ஒப்புகை நகல் வேண்டும்.

சேப்பாக்கம்காரர் (மறுபடி): நான்கு ஆண்டு கதையெல்லாம் சரி. கோலிக்கு மட்டும் எப்படிப் புள்ளியே இல்லாமல் கொடுத்தார்கள்?

நல்ல கேள்வி, விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

2018. அன்று வந்த செய்திகளின்படி மல்யுத்த வீரர்கள் பஜ்ரங் புனியாவுக்கும் வினேஷ் போகத்துக்கும் 80 புள்ளி, பளுதூக்கும் மீராபாய் சானுவுக்கு 44, கோலிக்குப் பூஜ்யம். விருது போனது கோலிக்கும் மீராபாய்க்கும். பஜ்ரங் நீதிமன்றம் போவேன் என்றார். அடுத்த வருடம் அவருக்கும் கொடுத்தார்கள், வினேஷுக்கு 2020-ல்.

பூஜ்யத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒன்று. புள்ளிப் பட்டியல் ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிப் பதக்கங்களை மனத்தில் வைத்துப் போட்டது. கிரிக்கெட் அந்தத் தராசிலேயே ஏறாது. ஏறாத பொருளுக்கு எடை பூஜ்யம் என்று எழுதியது அபத்தம். அதற்குப் பதில் தேர்வுக் குழு தன் விருப்பத்தால் நிரப்பியது, அதுவும் அபத்தம்தான். பஜ்ரங்குக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. புள்ளி முறையைக் கொண்டுவந்ததே, குழுவின் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாது என்றுதானே?

வங்கி ஊழியர், ஈரோடு: கிரிக்கெட்காரர்களே எல்லா விருதையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

எண்ணிப் பார்த்தீர்களா? கேல் ரத்னா தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிரிக்கெட்டுக்கு ஐந்துதான்: சச்சின், தோனி, கோலி, ரோகித், மிதாலி. துப்பாக்கி சுடுதலுக்கு, பாரா வீரர்களைச் சேர்க்காமலே, ஒன்பது. பிந்த்ரா, அஞ்சலி பாகவத், ராத்தோர், மானவ்ஜித் சந்து, ககன் நாரங், விஜய் குமார், ரஞ்சன் சோதி, ஜித்து ராய், இப்போது மனு. கிரிக்கெட்டுக்குப் பணமும் வெளிச்சமும் அதிகம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கேல் ரத்னாவை அள்ளிப்போனார்கள் என்பது சரியில்லை.

இந்த ஐந்து பேரை இன்னொரு தடவை பாருங்கள். ஐவரும் பேட்டிங்கால் பெயர் வாங்கியவர்கள். (சச்சினும் பந்து போட்டாரே என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கும் தெரியும்.) கும்ப்ளேவுக்கு இல்லை, இப்போது அஷ்வினுக்கும் இல்லை. டிராவிட்டுக்கும் இல்லைதான், ஆகவே பேட்ஸ்மேன் என்றால் உறுதி என்றும் சொல்ல முடியாது. ஆனால் பவுலர் ஒருவர்கூட இல்லாதது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சேப்பாக்கம் நண்பரே, 'தமிழன் என்பதாலா' என்று கேட்டதற்குப் பதில் 'பவுலர் என்பதாலா' என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும்.

இல்லத்தரசி, வேலூர்: 32 அர்ஜுனாவில் 17 பாரா வீரர்களுக்காம். கொஞ்சம் அதிகம் இல்லையா?

இல்லை அம்மா. பாரிஸ் ஒலிம்பிக்கில் நமக்கு ஆறு பதக்கம், தங்கம் இல்லை. பாராலிம்பிக்கில் 29 பதக்கம், அதில் ஏழு தங்கம். பதக்கத்தை வைத்து எடைபோட்டால் 17 என்பது இயல்பான எண்ணிக்கை. நம் துளசிமதி, மனீஷா, நித்யஸ்ரீ மூவரும் பாட்மின்டனில் பதக்கம் வாங்கித்தான் அந்தப் பட்டியலில் வந்தார்கள், இரக்கத்தால் அல்ல.

இதற்கு முன் நடந்ததுதான் அநியாயம். தேவேந்திர ஜஜாரியா ஏதென்ஸில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியது 2004-ல். கேல் ரத்னா கிடைத்தது 2017-ல், அதுவும் ரியோவில் இரண்டாவது தங்கம் வாங்கிய பிறகு. முரளிகாந்த் பேட்கர் 1972 பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கியவர். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா 2025 ஜனவரியில்தான் அவர் கைக்கு வந்தது. ஐம்பத்து இரண்டு வருடம்! அவரைப் பார்த்த பிறகும் 17 அதிகம் என்று தோன்றினால் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாதவர்: தயான் சந்துக்கு பாரத ரத்னா எப்போது?

மேலே பாருங்கள்.

கேரம் ரசிகர், வடசென்னை: கேரமுக்கு அர்ஜுனா கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது! நம் மரிய இருதயம், 1996. உலக சாம்பியன். ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கும் கதவு முழுக்க மூடவில்லை என்பதற்கு அவர்தான் சாட்சி.

மல்யுத்த ரசிகர்: கேல் ரத்னா வாங்கியவருக்கு அர்ஜுனா தர மாட்டார்களா?

2020-ல் சாக்ஷி மாலிக், மீராபாய் இருவரையும் குழு அர்ஜுனாவுக்குப் பரிந்துரைத்தது, அமைச்சகம் நீக்கியது. மேலே ஏறியவரைக் கீழ்ப்படியில் நிறுத்த மாட்டோம் என்ற கணக்கு. அர்ஜுனா வாங்க இன்னும் எந்தப் பதக்கம் வேண்டும் என்று சாக்ஷி கேட்டார். நான் என்றால் கொடுத்திருப்பேன்.

உடற்கல்வி ஆசிரியர், சிவகங்கை: பள்ளிப் பயிற்சியாளர்களுக்கு துரோணாச்சார்யா?

அது சர்வதேசப் பதக்கம் வாங்கும் வீரர்களை உருவாக்கியவர்களுக்கு. உங்களுக்கு மாநில விருதுதான் பொருத்தம், மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். நீங்களே விண்ணப்பியுங்கள், நகல் எடுங்கள்.

மாணவர், கோவை: ஐபிஎல் ஏலத்தில்…

என் துறை இல்லை தம்பி.

பெயர் சொல்லாதவர்: தயான் சந்த்…

அவர் பெயரில்தான் 2021 முதல் கேல் ரத்னாவே இருக்கிறது. இத்தோடு விட்டுவிடுங்கள்.

சேப்பாக்கம்காரர் (கடைசியாக என்று சத்தியம் செய்து): சரி சார், பவுலர் என்று நீங்களே சொன்னீர்கள். அப்போ பும்ரா?

இதற்காகவே உங்களை மன்னித்தேன். 2024-ல் டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன், 2024-25 தொடரில் ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டில் 32 விக்கெட், ஐசிசியின் 2024-ஆம் ஆண்டின் சிறந்த வீரர். எல்லாம் இப்போது நான்கு ஆண்டுக் கணக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. முகமது ஷமி பெயரைக் கடைசி நேரத்தில் தனியாகக் கேட்டு 2023 அர்ஜுனா பட்டியலில் சேர்க்க வைத்ததாகச் செய்தி வந்ததே, அந்த வேகம் வாரியத்துக்கு இந்த முறையும் வரட்டும். அஷ்வினுக்குச் செய்ததுபோல உச்சம் போய் ஐந்து வருடம் கழித்து அனுப்பினால், நீங்கள் இதே கேள்வியைக் கேட்பீர்கள், நான் இதே பதிலில் பெயரை மட்டும் மாற்றி எழுதுவேன்.